ஏரி விளையாட்டு மைதானம் அல்ல, ஆனாலும் வாருங்கள்

புதுச்சேரிக்கு வருகிற வண்டிகள் சனி, ஞாயிறுகளில் கடற்கரைச் சாலையைத்தான் தேடுகின்றன. உள்ளூர்க்காரர்களில் கொஞ்சம் பேர் மட்டும் எதிர்த்திசையில் கிளம்புகிறார்கள். மூலக்குளத்தைத் தாண்டியதும் கடைகளின் வரிசை மெல்லக் கலைந்து, வில்லியனூர் கொம்யூனின் வயல்களும் செங்கல் சூளைகளும் தென்னந்தோப்புகளும் தெரியத் தொடங்கும். வடமேற்கே திரும்பினால், இருசக்கர வண்டியில் கால் மணி நேரத்தில் ஊசுட்டேரியின் கரை. அங்கே நின்று பார்த்தால் எதிர்க்கரை தமிழ்நாடு.

ஏரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய பாதி புதுச்சேரியில் இருக்கிறது, மீதி விழுப்புரம் மாவட்டத்தில். நிரம்பினால் ஏறத்தாழ 54 கோடி கன அடி தண்ணீர் கொள்ளும். புதுச்சேரி வட்டாரத்தில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. புதுச்சேரி அரசு தன் பங்கை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு 2015இல் அறிவித்தது. நடுவில் ஏழு ஆண்டுகள், ஒரே தண்ணீரில் மிதந்த ஒரே வாத்து இந்தப் பக்கம் சரணாலயப் பாதுகாப்போடும் அந்தப் பக்கம் அது இல்லாமலும் நீந்திக்கொண்டிருந்தது. வாத்துக்கு அது தெரியாது, வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

புதுச்சேரி வட்டாரத்தில் பாசன ஏரிகள் மொத்தம் 84. ஒன்றுகூடப் பொழுதுபோக்குக்காக வெட்டியதல்ல என்பதை ஏரிக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் ஏரியின் கதை வேறு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓர் ஓடையை மறித்து அதை உருவாக்கினார், தூத்துக்குடியிலிருந்து படகை வரவழைத்து மிதக்கவிட்டார். அழகுக்கும் உல்லாசத்துக்கும் பிறந்த ஏரி அது. நம் ஏரிகள் நெல்லுக்குப் பிறந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறும் தண்ணீர் மார்கழியிலும் தையிலும் கரையைத் தொட்டு நிற்கும். மதகு திறந்து வயலுக்குப் போகப் போக இறங்கும். மழை பொய்த்த ஆண்டில் சித்திரை பிறக்கும்போது நடு ஏரியில் மாடு மேயும். சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மாதமும் படகு விட வேண்டும் என்றால் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தினால் வயல் காயும்.

சரி, ஏரிக்குப் போய் என்னதான் செய்வது?

பார்க்கலாம். இதைவிடச் செலவில்லாத பொழுதுபோக்கு வேறு இல்லை. கார்த்திகை முதல் மாசி வரை, விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் கரையில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறவைகள் நடுத்தண்ணீருக்குப் போய்விடும், கண் கூசும். முதலில் கண்ணில் படுவது நாமக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், அதனால் அந்தப் பெயர். இது பறந்து எழுவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாமல், தண்ணீர்மேல் தடதடவென்று நெடுந்தூரம் ஓடி, இறக்கையை அடித்து அடித்துத்தான் மேலே போகும். நூறு கோழிகள் ஒன்றாக ஓடினால் திடீரென்று சரளை மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

அல்லி இலைமேல் நடக்கிறது இலைக்கோழி. கால்விரல்கள் அத்தனை நீளமாக இருப்பதால் உடல் எடை பரவி, இலை அமிழ்வதில்லை. நீளவால் இலைக்கோழியின் குடும்ப வழக்கம் இன்னும் வேடிக்கை. பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் வேலை. முக்குளிப்பான் மிதக்கும் செடிகளைச் சேர்த்துக் கூடு கட்டும், கூட்டை விட்டு இறங்கும்போது ஈரப் பாசியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். கூழைக்கடா, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை ஆகியவற்றைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் இருநோக்கி வேண்டும்.

இந்தக் கூடுகளையும் இலைகளையும் மனதில் வைத்துக்கொண்டு படகு விஷயத்துக்கு வரலாம். ஊசுட்டேரியில் சுற்றுலாப் படகுச் சவாரி நடந்து வந்திருக்கிறது, மோட்டார் படகு கூடாது என்ற எதிர்ப்பும் கூடவே இருந்து வந்திருக்கிறது. எதிர்ப்பாளர்கள் மிகைப்படுத்துவதாகச் சிலர் சொல்வதுண்டு. அது மிகை அல்ல. ஆழம் குறைந்த ஏரியில் மோட்டார் படகு எழுப்பும் அலை ஒரு சாண் உயரம் இருந்தாலே போதும், மிதக்கும் கூடு கவிழ்ந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த வாத்து, தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் இங்கே இறங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை அதைக் கிளப்பிவிட்டால், தின்றதெல்லாம் பறப்பதற்கே சரியாகப் போகும். திரும்பும் பயணத்துக்கு என்ன மிச்சம்?

படகேற ஆசைப்படுகிறவர்களுக்குப் புதுச்சேரியில் வழி இல்லாமல் இல்லை. கடலூர் சாலையில், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது. கழிமுகத் தண்ணீர், ஆழம் உண்டு, கடலோர மணல்திட்டுவரை கூட்டிப் போகிறார்கள். மோட்டாரின் இரைச்சலுக்கு அது பொருத்தமான இடம். ஊசுட்டேரிக்கு வேண்டியவை கரையில் நடக்க ஒழுங்கான பாதை, நல்ல தொலைநோக்கி வைத்த இரண்டு மூன்று பார்வை மேடைகள், பறவை பெயர் சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு, ஓர் அலங்கார வளைவுக்கு ஆகிற செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

படகு இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பதும் சரியல்ல. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் படகு கிடையாது. கரைமேல் ஒரு நடை, ஒரு கோபுரம், அவ்வளவுதான். பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊர் மக்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு வாங்கிய இடம் அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளும் என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. ஆண்டுதோறும் பத்திரிகைகள் அதை எழுதுகின்றன, ஜனங்கள் அதற்காகவே போய்ப் பார்க்கிறார்கள்.

தெற்கே பாகூர் போனால் காட்சி மாறுகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். அதன் ஏரி, அளவில் ஊசுட்டேரிக்கு அடுத்தது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசிச் சகோதரிகள் தங்கள் செல்வத்தைக் கொட்டி ஏரிக்கும் வாய்க்காலுக்கும் வழிசெய்தார்கள் என்பது ஊர்க்கதை. மூலக்குளத்துக்குப் பக்கத்திலேயே, முத்திரையர்பாளையத்திலும் இதே சாயலில் ஒரு கதை உண்டு: ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்று. அந்தத் தண்ணீர்தான் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்துக்குக் குடிக்கப் போனது. அவள் பெயரால் நிற்கும் ஆயி மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். கோயில் கட்டிய ராஜாக்களைவிடத் தண்ணீர் கொடுத்த பெண்களை இந்த ஊர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

பாகூர் ஏரிக்குப் போகிறவர்கள் மூலநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். சோழர் காலக் கற்றளி; ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. அதற்கும் முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது.

மாலையில் மதகடியில் தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தென்னஞ்சிரட்டையில் ஈரமண், அதில் மண்புழு. மயிலிறகின் அடித்தண்டை வெட்டி மிதப்பாகக் கட்டியிருப்பார்கள். மிதப்பு லேசாகத் துடித்தால் கெண்டை கொறிக்கிறது. பக்கவாட்டில் நழுவினால் ஜிலேபி. ஒரே அமுக்காக உள்ளே போனால் விரால். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் முதல் கால் மணி நேரம் பதில் வராது. (சரணாலயமான ஊசுட்டேரியில் இந்த ஆசை வேண்டாம், அங்கே விதிகள் வேறு.)

இந்த வட்டாரத்தின் பெரிய நீர்க்கரைக் கொண்டாட்டம் தை ஐந்தாம் நாள் நடக்கும் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில், பாகூருக்கு அருகே சோரியாங்குப்பத்தில், சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். மணலில் கடைகள், ராட்டினம், கரும்பு, வேகவைத்துத் தின்னச் சிறுவள்ளிக் கிழங்கு. குழந்தைகள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடுவார்கள். யாரும் இதைச் சுற்றுலா என்று சொல்வதில்லை, ஆனால் குடும்பம் குடும்பமாகத் தண்ணீரங்கரையில் ஒரு நாளைக் கழிப்பது வேறு என்னவாம்?

அதே ஆறுதான் 2024 டிசம்பரில் ஊருக்குள் வந்தது. ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அது வடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் இறங்க, பாகூர் கொம்யூன் கிராமங்கள் மூழ்கின. அணை திறந்தால், மழையே இல்லாத நாளிலும் சில மணி நேரத்தில் ஆறு பெருகிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் படுகையணைகளில் வழிந்தோடும் தண்ணீரில் குளிக்க இளைஞர்கள் கூடுகிறார்கள். அணைக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தில் சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவரையும் அது கீழே இழுக்கும். ஏரியில் வேறு ஆபத்து: மண் எடுத்த பள்ளங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் காணாமல் போவார். தெரியாத நீர்நிலையில் கால் நனைக்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. சிறுவர்களோடு போகிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

இன்னொரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் மது மலிவு, ஏரிக்கரையில் கேட்க ஆளில்லை. உடைந்த பாட்டில் சில்லு முதலில் கிழிப்பது மாடு மேய்ப்பவரின் காலைத்தான், பிறகு மடை திறக்க வரும் விவசாயியின் காலை. ஏரிக்குள் படரும் நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்க இயந்திரம் வரும், அரசாணை வரும். பாட்டிலைத் திரும்ப எடுத்துப்போக எந்த ஆணையும் தேவையில்லை.

ஏரியோடு பழக நல்ல நாள் பொங்கல். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, நிபுணராக இருக்க வேண்டியதில்லை. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிய வேண்டும். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, இல்லையென்றால் உங்கள் ஊர்க் குட்டை, எதுவானாலும் கணக்கில் சேரும். காணும் பொங்கலன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். இருநோக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு நோட்டும் பேனாவும் மறக்காதீர்கள்.