கணக்கு வராவிட்டாலும் பாட்டு வேண்டும்

பாட்டு கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும் என்ற நம்பிக்கை பரவியதில் 1993-ஆம் ஆண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் பிரான்சிஸ் ரவுஷர் குழுவினர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டார்கள். உடனே நடந்த, வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். கால் மணி நேரத்தில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. சோதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்லர். அவர்கள் இசையைக் கற்கவுமில்லை, கேட்டதோடு சரி. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கச் சட்டமன்றத்தில் நிதி கேட்கும் அளவுக்கு அந்தச் செய்தி ஊதிப் பெருத்தது.

இசையை முறையாகக் கற்பதால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. கனடாவின் கிளென் ஷெல்லன்பர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம் கற்பித்தார். மீதிப் பேருக்கு எதுவுமில்லை. 2004-இல் வெளியான முடிவின்படி, இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 7 புள்ளி ஏறியது. மற்றவர்களுக்கும் 4 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தது. இத்தகைய 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளை, ஜொவானி சாலாவும் பெர்னான் கோபேயும் 2020-இல் ஒன்றாக வைத்து அலசினார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக நடத்தப்பட்டதோ, அவ்வளவுக்குப் பலன் பூஜ்யத்தை நெருங்கியது. இசையை நேசிப்பவர்கள் இதைக் கண்டு சோர வேண்டியதில்லை. கணக்குக்கு ஊன்றுகோலாக இசையை நிறுத்தியதுதான் பிழை. கணக்கு ஏறவில்லை என்று தெரிந்த மறுநாளே பாட்டு வகுப்பை மூடிவிட அந்த வாதமே வழி செய்து கொடுத்துவிடுகிறது.

இசை தருவதை இசைக்குள்ளேயே தேட வேண்டும். கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையைப் பாடும் குழந்தையைக் கவனியுங்கள். அதே ஸ்வரங்களை முதல் காலத்தில் பாடி, பிறகு இரண்டாம் காலத்தில் இரட்டித்து, மூன்றாம் காலத்தில் மறுபடி இரட்டிக்கிறது. கை போடும் தாளம் மட்டும் மாறாமல் நடக்கிறது. தன் குரல் சுருதியை விட்டு விலகினால், ஆசிரியர் சொல்லும் முன்பே அதன் காது சொல்லிவிடும். தன் பிழையைத் தானே கேட்டு, அந்த நொடியிலேயே திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் விடைத்தாள் திருத்தி வரும்வரை காத்திருக்கும் பாடங்களில் அரிது. கூடிப் பாடும்போது இன்னொன்றும் நிகழ்கிறது: பக்கத்துக் குரலை மீறாமலும் அதற்குப் பின்தங்காமலும் போக வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் 96 நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராக விளையாட விட்டார்கள். சேர்ந்து பாடித் தாளம் தட்டிய இணைகள், பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடியவர்களைவிட, ஒருவருக்கொருவர் அதிகமாக ஓடிப்போய் உதவியதை 2010-இல் பதிவு செய்தார்கள்.

'என் பிள்ளைக்குக் குரல் இல்லையே' என்பது பலர் சொல்லும் தடை. ஸ்வர வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குக் குறை பயிற்சியில்தான். 'வாத்தியம் வாங்கக் காசு வேண்டாமா' என்பதற்கு ஹங்கேரியில் பதில் கிடைக்கும். இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் கருத்துகளைப் பின்பற்றி அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் தொடங்கிய ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் அன்றாடம் பாடினார்கள். தொண்டைதான் முதல் வாத்தியம். அந்த முறையில் முதல் ஸ்வரமான 'தோ' எந்தச் சுருதியிலும் நிற்கலாம். நம் ஷட்ஜமமும் பாடுபவரின் குரலுக்கு ஏற்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே இது நமக்கு அந்நியமான வழி அல்ல.

'படிப்பு நேரம் போகிறதே' என்ற கவலை நியாயமானது. அதற்கும் அந்த 54 ஆய்வுகளே ஆறுதல்: பாட்டு கற்றவர்கள் படிப்பில் பின்தங்கியதாக அவை காட்டவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரியும் கவலை வேறு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காசு கொடுத்து மாலை வகுப்புக்குப் போய்விடும். தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளோ 12 வயதிலிருந்துதான் சேர்க்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில், காது மிக எளிதாகப் பழகும் பருவத்தில், ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் அதன் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாளுக்கு அரை மணி நேரம் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். தேர்வு நெருங்கினாலும் அந்த நேரத்தை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.