நிரை பிடிக்கும் இலத்திரன்கள்

தேயிலை மலையில் கொழுந்து பறிப்போர் நிரை பிடித்து மேலேறுவதை ஊவா மாகாணத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சில உலோகப் பளிங்குகளில் இலத்திரன்களும் இத்தகையதோர் ஒழுங்கை மேற்கொள்கின்றன. பௌதிகவியலாளர் இதனை அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர்.

சாதாரண உலோகத்தில் இலத்திரன்கள் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கும். அணுத்தகடுகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்ட சில பொருட்களிலோ, வெப்பநிலை குறையும்போது அவை ஓரிடத்தில் செறிந்தும் அடுத்த இடத்தில் ஐதாகியும் அலைபோல அமைகின்றன. இதுவே ஏற்ற அடர்த்தி அலை. அணுக்களும் தத்தம் இருப்பிடத்தை விட்டுச் சற்றே விலகுகின்றன. அந்த விலகலுக்குச் சக்தி செலவாகிறது. இலத்திரன்கள் மிச்சப்படுத்தும் சக்தி அதனினும் மிகுதி. ஒற்றைச் சங்கிலியாய் அமைந்த அணுக்களுக்கு இந்த வரவு செலவுக் கணக்கை றுடொல்ப் பயர்ல்ஸ் 1955இல் வெளியான தமது நூலில் காட்டினார். தகட்டுப் பொருட்களில் இவ்வலையை 1974இல் அறிவித்தவர்கள் வில்சன், டி சல்வோ, மகாஜன் ஆகியோர். தகடுகளில் கணக்கு அத்தனை எளிதன்று. அலை தோன்றும் காரணம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

தந்தாலம் இருசல்பைட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் ஒரு தந்தாலம் அணுவை நோக்கிச் சூழவுள்ள 12 அணுக்கள் நெருங்கி, 13 அணுக்கள் கொண்ட விண்மீன் வடிவம் உருவாகிறது. தகடெங்கும் அத்தகைய விண்மீன்கள் வரிசையாக நிற்கின்றன.

ஆனால் எந்தப் பளிங்குச் சாலகமும் குறையற்றதன்று. எங்கோ ஓர் அணு இல்லாதிருக்கும். வேறோர் இடத்தில் அந்நிய அணு புகுந்திருக்கும். நிரையின் நடுவே பாறை கிடந்தால் என்னவாகும்? அலை அங்கே சிக்கிக்கொள்கிறது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாகச் சிக்குவதால் ஒரே ஒழுங்காக இருக்க வேண்டியது துண்டு துண்டாகிறது. தகடு மெல்லியதாக ஆக இத்தொல்லை பெருகும். காற்றுப் படும் மேற்பரப்பே அங்கு பொருளின் பெரும்பங்கு. மிக மெல்லிய தந்தாலம் இருசல்பைட்டில் அலையின் ஒழுங்கு மறைவதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசனும் காரணம் என்பதும், போரன் நைத்திரைட்டுத் தகட்டால் மூடிக் காத்தால் ஒழுங்கு நிலைக்கிறது என்பதும் 2015இல் தெரியவந்தன. மெல்லிய பொருளின் குணம் என்று நாம் கருதுவதில் எவ்வளவு அதன் இயல்பு, எவ்வளவு அழுக்கு என்ற வினாவை இனி எவரும் தட்டிக்கழிக்க இயலாது.

மறுவருடம் அமெரிக்காவில் தந்தாலம் இருசல்பைட்டு, போரன் நைத்திரைட்டு, கிராஃபீன் மூன்றையும் சேர்த்து, இவ்வலையின் மாற்றத்தால் இயங்கும் அலைவுச் சாதனமொன்றை அறை வெப்பநிலையிலேயே இயக்கிக் காட்டினர்.

கிராஃபீன் என்பது காரீயத்தின் ஒற்றைத் தகடு. இந்த இடத்தில் விடயம் நம் நாட்டைத் தொடுகிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. சாதாரண நிலையில் காரீயத்தில் ஏற்ற அடர்த்தி அலை இல்லை. எனினும் அதன் தகடுகளுக்கிடையே கல்சியம் அணுக்களைப் புகுத்திய பொருளில் அதனை 2011இல் கண்டறிந்துள்ளனர்.

ஊவாவில் காரீயச் சுரங்கம் இல்லை. ஆயினும் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், பதுளையில், பசறை வீதியில், தோட்டங்களின் அயலிலேயே இருக்கிறது. கனிய வளத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் அங்குண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அந்த ஒதுக்கீட்டால் இத்தகைய பட்டப்படிப்பில் சேர உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ பயின்றிருக்க வேண்டுமே! தமிழ்மொழிமூல விஞ்ஞான வகுப்புகள் மலையகத் தோட்டப்புறங்களில் இன்றும் சொற்பம். சாலகம் என்ற சொல் உயர்தர இரசாயனவியல் பாடத்திலேயே வருகிறது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் தம் பாடசாலையில் இல்லாத மாணவர், பஸ் கட்டணமும் டியூஷன் கட்டணமும் கொடுத்து நகரத்துக்கு வந்தே அதைக் கற்க வேண்டியிருக்கிறது.