பசுமையும் வளமும்: சேஜ்பிரஷ் புன்னிலத்தை அளக்கும் முறை

பசுமை கண்டவிடமெல்லாம் வளம் உண்டு எனக் கருதுதல் மாந்தர் இயல்பு. அக்கருத்து எத்துணை பிழைபடும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலுள்ள சேஜ்பிரஷ் புன்னிலம் தக்க சான்றாகும்.

நெவாடா, யூற்றா, ஐடகோ, ஓரிகன் முதலிய மாநிலங்களிற் பரந்து கிடக்கும் இவ்வறண்ட நிலத்தில், சாம்பல் படிந்தாற்போன்ற இலைகளையுடைய சேஜ்பிரஷ் என்னும் மணச்செடி நிறைந்துள்ளது. நாம் மாலையிற் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இதன் பேரினத்ததே. இச்செடிகளுக்கிடையே பல்லாண்டு வாழும் புற்கள் கொத்துக்கொத்தாய் வளரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் நிகழ்ந்த அளவிறந்த மேய்ச்சலால் அப்புற்கள் அருகின. 1934ஆம் ஆண்டிற் பிறந்த ரெயிலர் மேய்ச்சற் சட்டம் பொதுநில மேய்ச்சலை ஒழுங்குபடுத்த முற்பட்டது. ஒரு நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் எனத் துணிவதற்கு, முதலில் அந்நிலத்தை அளத்தல் வேண்டுமன்றோ?

அளக்கப்படுவன இரண்டு. ஒன்று தாவரப் போர்வை. அஃதாவது, நிலப்பரப்பில் எத்துணைப் பங்கினைத் தாவரங்கள் மூடியுள்ளன என்பது. மற்றையது விளைதிறன், அஃதாவது, ஓராண்டில் எவ்வளவு தாவரப்பொருள் வளர்ந்தது என்பது.

போர்வையை அளக்க டோபன்மயர் என்னும் தாவரவியலறிஞர் 1959இல் எளிய முறையொன்றை வகுத்தார். 20 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள சட்டத்தை நிலத்திலிட்டு, ஒவ்வோர் இனமும் மூடும் பரப்பை ஆறு வகுப்புக்களுள் ஒன்றில் அடக்குவர். முதலாவது 5 வீதம் வரை. இரண்டாவது 5 முதல் 25 வீதம் வரை. ஒருவர் 12 வீதம் என்பார், மற்றொருவர் 17 வீதம் என்பார். வகுப்பு ஒன்றேயாதலின் பிணக்கில்லை. சட்டத்தைப் பலவிடங்களில் இட்டு, வகுப்புக்களின் நடுப்பெறுமானங்களைக் கொண்டு சராசரி காண்பர். விளைதிறனை அறிய, குறித்த பரப்பில் அவ்வாண்டு வளர்ந்ததை வெட்டிக் கனலடுப்பில் உலர்த்தி நிறுப்பர்.

1972இல் முதலாவது லாண்ட்சற் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், வானிலிருந்தும் அளத்தல் கைகூடிற்று. பச்சிலை செந்நிற ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகாத கீழ்ச்செந்நிற ஒளியைத் தெறிக்கும். இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தாற் பசுமைச் சுட்டி பெறப்படும்.

ஆயின், இங்கேதான் மயக்கம் உளது. ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களிலிருந்து புகுந்த சீற்கிறாஸ் என்னும் ஓராண்டுப் புல், பெயருக்கேற்ப ஏய்ப்பது. மழை மிக்க இளவேனிலில் அஃது அடர்ந்து தழைக்கும், சுட்டி உயரும், உலர்நிறையும் மிகும். கோடை தொடங்கியதும் அதுவே காய்ந்து தீக்கு இரையாகும். பெருஞ் சேஜ்பிரஷ் செடி எரிந்தால் வேரிலிருந்து மீளத் தளிர்ப்பதில்லை. சீற்கிறாஸோ விதையிலிருந்து விரைவில் முளைத்துப் பரவி, அடுத்த தீக்கும் விறகாகின்றது. குளிர்காலத்திற் சேஜ்பிரஷ் இலையையே உண்டு வாழும் சேஜ் குரூஸ் என்னும் பறவை உணவிழக்கின்றது. எண் உயர, நிலம் தாழ்கின்றது.

ஆதலின் மொத்த அளவு மட்டும் போதாது. எவ்வினம் எவ்வளவு மூடியுள்ளது, இடையே எவ்வளவு வெறுந்தரை உளது என்பவற்றை ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், பல்லாண்டு தொடர்ந்து அளத்தல் வேண்டும். ஓராண்டு மழையால் வந்த பெருக்கம் முன்னேற்றமன்று. ஓராண்டு வறட்சியால் வந்த குறைவு வீழ்ச்சியுமன்று. வானிலிருந்து பெற்ற கணக்கைத் தரையில் இட்ட சட்டத்தோடு ஒப்புநோக்கலும் இன்றியமையாதது.

மொத்தப் புள்ளியை மட்டும் நோக்கி மாணாக்கனை மதிப்பிடும் ஆசிரியன் தவறுவது போலவே, பசுமையை மட்டும் நோக்கி நிலத்தை மதிப்பிடுவோனும் தவறுவான். எவ்வளவு என்று கேட்குமுன், எது என்று கேட்டல் அறிவுடைமையாகும்.