வாழ்த்து மடலில் வயலின் நண்பர்

தைப்பொங்கல் வாழ்த்து மடல் என்றவுடன் ஞாயிறும் பானையும் கரும்பும் எருதும் எம் கண்முன் தோன்றுகின்றன. இவற்றோடு ஒரு சிறு பூச்சிக்கும் அம்மடலில் இடமளித்தல் வேண்டும் என்பது எமது கருத்து. நகைத்தல் வேண்டா, காரணம் கூறுவோம்.

முரசுமோட்டையில் இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களில், தைத் திங்களிற் காலபோக நெல் கதிர் முற்றி நிற்கும். அவற்றின்மேல் வட்டமிடும் தும்பி, பறந்தவாறே தத்திகளைப் பிடித்துண்ணும். நீரில் வாழும் அதன் இளம் பருவமோ நுளம்புக் குடம்பிகளை உண்ணும். தும்பியை யாவரும் அறிவர், பகையென்று கொல்லார். பொறிவண்டின் நிலை அத்தகையதன்று. செம்முதுகிற் கரும்புள்ளி தாங்கிய அவ்வண்டின் அழகை வியப்போரும் அதன் குடம்பியை இனங்காணார். அது கறுத்து நீண்டு, செம்மஞ்சட் புள்ளிகளுடன், சிறு முதலைபோல் இலைமேல் ஊரும். அழுக்கணவனை உண்பதில் தாய்க்குச் சற்றும் இளைத்ததன்று.

யாமும் அறியாதிருந்தோம். ஒருகால் எம் வளவிற் பயற்றங்கொடியில் இப்புழுக்களைக் கண்டு, பகையெனத் துணிந்து மருந்து தெளித்தோம். இரு கிழமைக்குள் அழுக்கணவன் முன்னினும் பெருகிற்று. அழுக்கணவன் ஆணின்றியே குட்டியீனும். ஏறத்தாழ ஒரு கிழமையில் அக்குட்டியும் தாயாகும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக மூன்று கிழமையளவு வேண்டும். ‘வண்டு’ என்னுஞ் சொல்லுக்கு வகுப்பிற் பல்லாண்டு பொருளுரைத்த எமக்கு வண்டின் பிள்ளையைத் தெரியவில்லை!

கலிபோர்ணியாவின் தோடந் தோட்டங்களைச் செதிற்பூச்சி அழித்தபோது, 1888இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட பொறிவண்டே அவற்றை மீட்டது. நம் மலைநாட்டுத் தேயிலையைக் காக்க 1935-36இல் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவி வருவிக்கப்பட்டது. கடல் கடந்து தேடிய நண்பர் நம் வேலியோரத்திலேயே உளர்.

எனினும் கத்தரியிலையை அரிக்கும் 28 புள்ளி வண்டும் பொறிவண்டுக் குடும்பத்ததே. மங்கிய நிறமும் நுண்மயிரும் உடைய அதனை நண்பனென விட்டுவைப்போரும் உளர். ஆதலின் மடலோவியம் எழிலுடையதாதல் மட்டும் போதாது, பிழையற்றதாதலும் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இந்நாட்டிலேயே உண்டு. பேராதனைப் பூங்காவில் ஓவியராயிருந்த ஹார்மானிஸ் டி அல்விசின் மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் உயிரோடு பார்த்துத் தீட்டினர். பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட நூலின் மூன்று தொகுதிகளில் அவ்வோவியங்கள் இடம்பெற்றன. சிறகு விரித்த பூச்சியோடு அவர்கள் அமைந்தாரல்லர்; புழுவையும் கூட்டையும் உடன் தீட்டினர். அம்முறையே மடலுக்கும் பொருந்துவது.

எம் மாணவர் அவ்வாறே தீட்டத் தொடங்கினர். பூச்சியைக் கண்ணாடிப் போத்தலில் இலையோடு இட்டுப் பார்த்து வரைந்தபின் விட்டுவிடுவர். வண்டின் முதுகில் மின்னும் ஒளிக்கு வெண்ணிறம் தீட்டாது, தாளின் வெண்மையையே விட்டுவைப்பர். தும்பிச் சிறகுக்கு முதலிற் பின்னுள்ள இலையைத் தீட்டி, அது உலர்ந்தபின் நரம்புகளை நுண்தூரிகையால் இழுப்பர். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, வண்டு நான்கும் ஒரே மடலில் அமையும். பெரிதாக்கி வரைந்ததன் அருகே உண்மை நீளத்தை ஒரு கோட்டாற் குறிப்பர்.

கைபேசி வாழ்த்து மலிந்த இந்நாளில் இம்மடலை யார் வைத்துப் போற்றுவர் என்று ஆசிரிய நண்பரொருவர் வினவினார். சென்ற பொங்கலின்பின் மாணவனொருவனின் இல்லஞ் சென்றோம். அவன் தந்தையார் அம்மடலை, மருந்து தெளிகருவி தொங்கும் ஆணியிலேயே மாட்டியிருந்தார்.