பழைய லோடு வண்டியில் கதவு தொங்குகிறதா? பூட்டைத் தட்டாதீர்கள், கீலைப் பாருங்கள்

விடியற்காலையில் மல்லிகையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் வரும் வண்டிகளில் பல வருடம் ஓடிய டாடா 407, டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் போன்றவை நிறைய உண்டு. இன்ஜின், டயர், பிரேக்கைக் கவனிக்கும் நாம், கதவை மட்டும் 'ஓங்கிச் சாத்தினால் மூடிக்கொள்ளும்' என்று விட்டுவிடுகிறோம். ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்றாலே கீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. கதவுப் பூட்டு இரண்டு கட்டமாகப் பிடிக்கும். கதவு இறங்கியிருந்தால் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். பார்க்க மூடியது போலவே இருக்கும். வளைவில் திரும்பும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கதவில் சாய்ந்தால் திறந்துகொள்ளலாம். அறுவடை நாளில் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்து போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஏன் தேய்கிறது?

கீலில் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு பின், பின்னைச் சுற்றி புஷ் இருக்கும். கதவின் எடை முழுவதும் இவற்றின் மீதுதான். வண்டிப் பாதைப் புழுதி கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். உர மூட்டையிலிருந்து சிந்தும் தூள் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கதவைப் பிடித்துத் தொங்கியபடி ஏறி இறங்குவது இன்னும் கெடுதல்.

சிறு தேய்மானமும் பெரிதாகத் தெரியும். இரண்டு கீல்களுக்கு இடையே ஒரு அடி, கதவின் அகலம் இரண்டரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கீலில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், பூட்டு இருக்கும் ஓரம் 2.5 மில்லிமீட்டர் இறங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவைப் பாதி திறந்து, பூட்டு ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அப்போது இன்னொருவர் கீலைக் கவனிக்கட்டும். பின் இருக்கும் இடம் ஆடினால் பின், புஷ் தேய்ந்துள்ளன. தூண் அசையாமல் கீல் தகடு மட்டும் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம். முதலில் அதை முறுக்கிப் பாருங்கள். தூணின் தகரம் வெடித்திருந்தால் அது டிங்கர் வேலை.

சில வண்டிகளுக்குப் பின்னும் புஷ்ஷும் தனியாகக் கிடைக்கும். சிலவற்றுக்குக் கீலை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். வண்டியின் மாடல், வருடம், கதவு இடமா வலமா, கீல் மேலா கீழா என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாற்றும் முறை

1. முந்தின நாளே பின்னில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

2. கதவைத் திறந்து, அடியில் ஜாக்கி, அதன்மேல் மரக்கட்டை, கட்டையின்மேல் சாக்கு வையுங்கள். கதவின் எடையைத் தாங்கும் அளவுக்கு ஏற்றினால் போதும். கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

3. ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள். முழுக் கீலையும் மாற்றுவதானால், கழற்றும் முன் தகட்டைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

4. பின்னில் கிளிப் இருந்தால் எடுத்துவிட்டு, பின்னைவிடச் சற்று மெலிந்த பன்ச் வைத்து, தலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டுங்கள். துருத்தூள் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள்.

5. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, துளையைச் சுத்தம் செய்யுங்கள். புது புஷ்ஷை நேராக வைத்து, மரத்துண்டின் மேல் மெதுவாகத் தட்டி, விளிம்பு படியும்வரை இறக்குங்கள்.

6. கிரீஸ் தடவிப் பின்னைப் பொருத்தி, கிளிப் போடுங்கள். பிறகு அடுத்த கீலைக் கழற்றுங்கள்.

7. ஜாக்கியை எடுத்துவிட்டு, கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சமமாக வந்த பிறகும் பூட்டு சரியாக விழவில்லை என்றால் மட்டுமே தூணில் உள்ள பூட்டுக் கொக்கியை நகர்த்துங்கள். கீல் தேய்ந்திருக்கும்போதே கொக்கியை இறக்கி வைத்தால், கதவு மேலும் தொங்கும், பூட்டும் தேயும்.

செய்யக் கூடாதவை

பின்னுக்குப் பதிலாக மரை போல்ட்டை மாட்டாதீர்கள். மரை புஷ்ஷை அரம் போல அராவிவிடும். ஆட்டத்தை மறைக்கப் பின்னை வெல்டிங் வைத்தால் அடுத்த முறை கழற்ற முடியாது. துளை முட்டை வடிவமாகியிருந்தால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்பப் பித்தளை புஷ் கடைந்து போடலாம். தூணில் வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

சரக்கு வாகனங்களுக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கு முன் கீலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை கீலைத் துணியால் துடைத்துப் புது கிரீஸ் தடவுங்கள். ஆடிக் காற்றில் கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள். இறங்கும்போது கதவில் தொங்காமல், உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். புது பின்னும் புஷ்ஷும் பல வருடம் உழைக்கும்.