வலியின் அளவுகோல்கள் – 6: அல்பேனிய மொழியில் முதுகுவலி வினாத்தாள்

முதுகுவலி ஒருவரின் அன்றாட வாழ்வை எந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ படத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. டிஸ்க் எனப்படும் முள்ளெலும்பு இடைத்தட்டு பிதுங்கியும் வலியின்றி நடமாடுவோரும், படத்தில் குறையேதும் தென்படாமலே எழ முடியாமல் கிடப்போரும் உண்டு. இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகரின் பெயரால் வழங்கும் வினாத்தாள், நோயாளியையே கேட்டு இதை அளப்பதற்காக உருவாகி 1980-இல் வெளியானது. நடத்தல், உட்காருதல், சுமை தூக்குதல், உறக்கம் முதலிய 10 பகுதிகள் கொண்ட இத்தாளில், பகுதிக்கு ஆறு கூற்றுகள் வீதம் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடப்பட்டு, மொத்தம் நூற்றுக்கு மாற்றப்படுகிறது.

இத்தகைய வினாத்தாளை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்லும் வழிமுறையை 2000-இல் வெளியான பீட்டன் குழுவினரின் நெறிமுறை வகுத்தது. அதன்படி இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, அவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, மூலத்தைக் கண்டிராத வேறு இருவரால் மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பப்படுகின்றன. பின்னர் வல்லுநர் குழு எல்லாப் படிகளையும் ஒப்பிட்டு இறுதிக்கு முந்தைய வடிவத்தை முடிவு செய்ய, அது 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்யப்படுகிறது. இக்கட்டங்களுள் தீர்மானகரமானது வல்லுநர் குழுவின் அமர்வே. திருப்பி மொழிபெயர்த்தது மூலத்தோடு பொருந்துவதாலேயே வினாத்தாள் நோயாளிக்குப் புரியும் என்று ஆகிவிடாது.

அல்பேனிய மொழியில் இச்சிக்கல் கூர்மையாகத் தென்படுகிறது. அல்பேனியாவின் ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கிலும் கொசோவோவிலும் கேக் வழக்கும், தெற்கில் தோஸ்க் வழக்கும் பேசப்பட, 1972-இல் தலைநகர் திரானாவில் கூடிய எழுத்திலக்கண மாநாடு உறுதிசெய்த பொதுமொழியோ பெரும்பாலும் தோஸ்க்கை அடியொற்றியது. வேறுபாடு சொற்களோடு நிற்பதில்லை. ‘நடக்க’, ‘தூக்க’ என்று தமிழில் ஒரே எச்சத்தால் சொல்வதை இரு வழக்குகளும் வெவ்வேறு வினையமைப்பால் சொல்கின்றன, வினாத்தாளோ ‘என்னால் இதைச் செய்ய முடிகிறது’ என்னும் கூற்றுகளாலேயே ஆனது. அதிகம் படிக்காத வடக்கத்திய முதியவரையும் முன்சோதனையில் சேர்க்காமல், திரானா மாணவர்களைக் கொண்டே அதை முடிக்கும் குழு வேலையில் பாதியைத்தான் செய்ததாகும்.

தொலைவுகள் மற்றொரு தடை. மூலத்தில் மைலிலும் கஜத்திலும் அமைந்தவற்றைக் கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் மாற்றும்போது, 1,609 மீட்டர் என்று துல்லியமாக எழுதுவதைவிட, நோயாளி மனத்தில் கொள்ளத்தக்க முழு எண்ணைத் தேர்வதே முறை. பாலுறவு பற்றிய பகுதியோ பல நாடுகளில் விடையின்றி விடப்படுவது. அவ்வாறு விடப்பட்டால் 50-க்குப் பதிலாக 45-ஆல் வகுத்துக் கணக்கிட விதி இடம் தருகிறது. ஆகவே கூச்சத்தைக் காரணமாகக் காட்டி அப்பகுதியையே நீக்கிவிடுவது தேவையற்றது. விடையளிக்க விரும்புவோரின் வாயையும் அது அடைத்துவிடும்.

இதன் பின்னரே எண்கள் சோதிக்கப்படுகின்றன: நிலை மாறாத நோயாளி சில நாள் கழித்து நிரப்பினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருகிறதா என்பது நம்பகம், அளக்க எண்ணியதையே தாள் அளக்கிறதா என்பது ஏற்புடைமை.

இத்தகைய தாளின் தேவை பால்கன் நாடுகளோடு முடிவதில்லை. அல்பேனிய மொழி பேசுவோர் பெருமளவில் வாழும் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும், ஜெர்மன் வினாத்தாளை மகனோ மகளோ வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லப் பெற்ற மதிப்பெண்ணை, நோயாளி தாமே அளித்த மதிப்பெண்ணாகக் கொள்ளலாகாது.