உங்களுக்குத் தெரியுமா? ஒரே கோட்டை, இரண்டு தேதி!

சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1746 செப்டம்பர் 21. ஆங்கிலேயர் ஏட்டிலோ செப்டம்பர் 10. இரண்டுமே சரி! பிரான்ஸ் 1582-லேயே கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனை விடவில்லை. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆகவே பழைய ஆவணத்தில் தேதியைப் பார்த்ததும், அது யார் காலண்டர் என்று கேளுங்கள்.

எழுதியவர் யார் என்றும் கேளுங்கள். புதுச்சேரி துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கண்ணால் கண்டதோடு காதில் விழுந்த வதந்தியும் அதில் உண்டு. கவர்னர் டூப்ளேயின் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஆகாது. அந்த அம்மாளைப் பற்றிய பக்கங்களை அப்படியே நம்பிவிட முடியாது.

1879-ல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு இன்னொரு ரகம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த பத்திரம் அது. அதன் வடமொழிப் பகுதி அரச பரம்பரையைத் தெய்வங்களிலிருந்து தொடங்கிப் புகழ்கிறது. ஊர், எல்லை, நிபந்தனை எல்லாம் தமிழ்ப் பகுதியில். வரலாற்றுக்கு அதுதான் கெட்டி.

செல்லிப்பட்டுக்காரர்களே! இப்படிப்பட்ட பழைய ஆவணம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பரணில் பிரெஞ்சுக் காலத்துக் கிரயப் பத்திரம் கிடந்தால் லேமினேட் செய்யாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், முத்திரை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.